ஏரிக் கூடலில் பாட்டுக்காரர்கள் அமர வேண்டிய இடம்: கரையா, மிதவையா, படகா?

ஏரியில் நாற்பது ஐம்பது பேர் துடுப்புப் படகுகளில் ஒன்றுகூடி ஒரு சுற்று வருவது, நடுவில் நாட்டுப்புறப் பாட்டை நேரில் கேட்பது, பிறகு கரையேறிக் கலைவது என்று ஒரு குழு முடிவெடுத்துவிட்டால், முதல் நாள் பேச்சிலேயே இழுபறியாகிற கேள்வி ஒன்று உண்டு. பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் எங்கே உட்கார வைப்பது என்பதே அது. கரையில் அமர்த்தலாம், ஏரி நடுவே நங்கூரமிட்ட மிதவையில் அமர்த்தலாம், துடுப்பாளர்களோடு துடுப்பாளர்களாகப் படகிலேயே ஏற்றியும் அனுப்பலாம். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருப்பார்கள். கரை என்று சொல்பவர் பெரும்பாலும் கணக்கு வழக்கைப் பார்ப்பவராகவும், மிதவை என்று சொல்பவர் படம் எடுப்பவராகவும், படகு என்று சொல்பவர் தாமே பாடக்கூடியவராகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

இத்தகைய கூடல்கள் சிலவற்றில் கரையில் நின்று ஆள் எண்ணும் வேலையையும், நீரில் இறங்கிப் பின்தங்குபவர்களைச் சேர்த்துவரும் வேலையையும் செய்தவன் என்ற முறையில், என் தீர்ப்பை முன்னமே சொல்லிவிடுகிறேன். முதல் முறையாகக் கூடும் குழுவுக்கும், துடுப்புக்குப் புதியவர்கள் பாதிக்கு மேல் இருக்கிற குழுவுக்கும் கரையே ஏற்றது. ஆனால் அகப்பட்ட கரை எல்லாம் இதற்கு உதவாது. படகுகள் சிரமமில்லாமல் நிற்கக்கூடிய கரையாக அது இருக்க வேண்டும். கலைஞர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பதைக் காட்டிலும், கேட்பவர்களின் படகுகள் எங்கே, எப்படி நிற்கப் போகின்றன என்பதே மூன்று வழிகளின் தரத்தையும் தீர்மானிக்கிறது.

இதற்குக் காரணம் எளியது. துடுப்புப் போடுவதும் பாட்டுக் கேட்பதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. துடுப்பு நீரில் இறங்கும் ஓசை, ஏறும்போது சொட்டும் ஓசை, முகப்பில் அலை தட்டும் ஓசை எல்லாம் காதிலிருந்து ஓர் எட்டு தூரத்தில் நிகழ்கின்றன. பாட்டோ முப்பது நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது. போதாக்குறைக்கு, நகரும் கூட்டம் நீண்டுகொண்டே போகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரும் 4 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரும் ஒன்றாகப் புறப்பட்டால், அரை மணி நேரத்தில் அவர்களுக்கிடையே 500 மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். ஆகவே பாட்டு என்பது படகுகள் நிற்கும் நேரத்துக்கு உரியது. ஆனால் நீரில் நிற்பது என்று ஒன்று உண்மையில் கிடையாது. காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். விநாடிக்குக் கால் மீட்டர் என்ற கணக்கில் ஒரு படகு நகர்ந்தாலும், நான்கு நிமிடப் பாட்டு முடிவதற்குள் அது 60 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கேட்பவர் பாட்டின் இரண்டு வரிக்கு ஒருமுறை துடுப்பை எடுத்துப் படகைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டால், அவர் கேட்டது பாதிப் பாட்டுத்தான்.

கரை

கரையில் கலைஞர்களை அமர்த்துவதன் முதல் நன்மை வாத்தியங்களுக்குத்தான். மரத்தால் செய்த வாத்தியங்கள் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில்தான் நலமாக இருக்கும் என்று செய்பவர்கள் சொல்வார்கள். ஏரியை ஒட்டிய காற்றில் ஈரம் அதைவிட மிகுந்திருப்பது வழக்கம். தோல் வாத்தியம் ஈரத்தை வாங்கினால் தொய்ந்து சுருதி இறங்கும். வெயிலில் வைத்தால் இறுகிச் சுருதி ஏறும். வயலினின் பலகைகளை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது இளகும் இயல்புடையது. கரையில் ஒரு நிழற்கூரை, கலைஞர்களுக்கு முதுகு சாய நாற்காலி, வாத்தியப் பெட்டிகளை வெயில் படாமல் வைக்க ஒரு மூலை என்ற அளவில் இந்தக் கவலைகள் தீர்ந்துவிடுகின்றன. நீரைக் கண்டு மிரளும் கலைஞர், நீந்தத் தெரியாதவர், முழங்கால் வலியுள்ள முதியவர் எவரையும் நாம் ஒதுக்க வேண்டியதில்லை. படகேற முடியாத குடும்பத்தினரும் கரையிலேயே உட்கார்ந்து கேட்கலாம். செலவும் குறைவு. மழை வந்தால் ஐந்து நிமிடத்தில் கூரைக்குள் போய்விடலாம்.

இதன் குறை காற்றோடு வருகிறது. ஒலி காற்றடிக்கும் திசையில் செல்லும்போது கீழ்நோக்கி வளைந்து நீர்ப்பரப்பை ஒட்டிப் போகும். காற்றை எதிர்த்துச் செல்லும்போது மேல்நோக்கி வளைந்து, கேட்பவர் தலைக்கு மேலே கடந்துவிடும். எனவே கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசினால் பாட்டுத் தெளிவாகக் கேட்கும், ஆனால் படகுகள் நடு ஏரியை நோக்கித் தள்ளப்படும். ஏரியிலிருந்து கரையை நோக்கி வீசினால் படகுகள் தாமாக வந்து கரையருகே தங்கும், ஆனால் பாட்டு மங்கிவிடும். இந்த முரண்பாட்டைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டு நன்றாகக் கேட்கிற நாளில்தான் புதியவர்கள் தம்மை அறியாமல் வெகுதூரம் போய்விடுகிறார்கள். பாட்டில் ஆழ்ந்த மனம் கரை விலகுவதைக் கவனிப்பதில்லை.

இதற்கு நான் கண்டவற்றில் மிகச் சிறந்த தீர்வு ஒரு கயிறுதான். கரைக்கு இணையாக, இருபது மீட்டர் தள்ளி, இரு முனைகளிலும் நங்கூரமிட்ட மிதப்புக் குடுவைகளுக்கு இடையே ஒரு தடித்த மிதக்கும் கயிற்றைக் கட்டிவிட வேண்டும். இடையிடையே பளிச்சென்ற நிறத்தில் சிறு மிதப்புகளைக் கோத்துவிட்டால் தொலைவிலிருந்தே கண்ணில் படும். வருகிறவர்கள் படகின் முகப்பைக் கயிற்றின் மேல் ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, துடுப்பை மடியில் குறுக்காக வைத்துவிடலாம். பிந்தி வருபவர் முன்னவரின் படகு ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார். இப்படிப் பத்து இருபது படகுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால், அதுவே ஒரு பெரிய தெப்பம்போல் அசையாமல் நிற்கும். முதல் பாட்டில் அனைவரும் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் பாட்டில் பிடி தளர்ந்து, பக்கத்துப் படகின் விளிம்பில் முழங்கை ஊன்றப்பட்டிருக்கும். கை தட்ட முடியாததால் துடுப்பின் பிடியால் படகின் மேல்தட்டைத் தட்டிப் பாராட்டுவார்கள். அந்த ஓசை நீரின்மேல் அலைபோல் பரவிக் கரைக்கு வரும்போது கலைஞர்கள் முகத்தில் தோன்றும் வியப்பைப் பார்க்கவே இன்னொரு முறை ஏற்பாடு செய்யலாம் என்று தோன்றும்.

கரையைத் தேர்ந்தெடுக்கையில், நீண்டு நேரான கரையைவிட உள்வாங்கிய குடைவு எப்போதும் மேல். இரு பக்கமும் நிலம் அணைத்திருப்பதால் காற்றின் வீச்சு குறையும். கலைஞர்களுக்குப் பின்னால் பாறையோ மேடோ சுவரோ இருந்தால் ஒலி எதிரொலித்து ஏரியை நோக்கித் திரும்பும். நாணலும் கோரையும் அடர்ந்த கரை ஒலியை விழுங்குவதோடு, பறவைகள் கூடு வைக்கும் இடமாகவும் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே முறை. உயரமான படகுத்துறையின் உச்சியில் கலைஞர்களை நிறுத்தும் ஆசையையும் விட்டுவிடலாம். கயாக் என்னும் தாழ்ந்த, ஒடுங்கிய துடுப்புப் படகில் அமர்ந்திருப்பவரின் காது நீருக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லாத உயரத்தில் இருக்கிறது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து பாடுபவரை அருகில் நிற்பவர்கள் கழுத்தை மடக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். கலைஞர்கள் நீர்மட்டத்துக்கு நெருங்க அமர்வதே இரு தரப்புக்கும் இதம்.

மிதவை

மிதவையின் கவர்ச்சி எவருக்கும் புரியும். நான்கு புறமும் நீர், நடுவில் பாட்டு, சுற்றிலும் படகுகள். கவர்ச்சியோடு கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. முகப்பை உள்நோக்கி வைத்து நிற்கும் ஒவ்வொரு படகுக்கும் ஒன்றரை மீட்டர் அகலம் தேவை என்று கொண்டால், 40 படகுகளுக்கு 60 மீட்டர் நீளமுள்ள வரிசை வேண்டும். மிதவையைச் சுற்றி அது முழு வட்டமாக அமைந்தால் கலைஞருக்கும் கேட்பவருக்கும் இடையே ஏறத்தாழ 9.5 மீட்டர் தூரமே இருக்கும். கரையைப் பார்த்து அரை வட்டமாக நின்றால் அது 19 மீட்டராகிவிடும். திறந்தவெளியில் தூரம் இரு மடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது இயற்பியல். ஒலிபெருக்கி இல்லாமல் பாடும் ஒரு குரலுக்கு அந்த 6 டெசிபெல் பெரிய வரம். சொற்கள் விளங்குவதும் வெறும் ராகம் மட்டும் காதில் விழுவதும் அந்த இடைவெளியில்தான் பிரிகின்றன; கதை சொல்லும் நாட்டுப்புறப் பாட்டில் சொல் விளங்காவிட்டால் பாட்டே இல்லை.

ஆனால் இந்த வட்டக் கணக்கு காற்றில்லாத நாளுக்கு மட்டுமே பொருந்தும். மென்காற்று எழுந்தாலும் வட்டத்தின் ஒரு பாதியில் உள்ள படகுகள் மிதவையை வந்து முட்டும், மறுபாதியில் உள்ளவை விலகிப் போகும். மிதவையைச் சுற்றிலும் பிடிகயிறு கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். அப்போதும் கலைஞர்கள் ஒரு பக்கம்தான் முகம் காட்ட முடியும். பாதிப் பேர் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை கலைஞர்கள் திரும்பி உட்கார்வது என்ற ஏற்பாட்டை ஒரு குழு செய்து பார்த்தது. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு முறை எல்லோரும் எழும்போதும் மிதவை ஒரு பக்கம் சாய, முக்காலிகள் வழுக்க, வயலின்காரர் வில்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சமநிலைக்குத் தவித்த காட்சியைக் கண்ட பிறகு, மூன்றாவது முறை எவரும் திரும்பச் சொல்லவில்லை.

மிதவைக்கு வேறு கணக்குகளும் உண்டு. ஐந்து கலைஞர்களும் அவர்களின் பொருள்களும் சேர்ந்து 400 கிலோவை எட்டும். மிதவை எவ்வளவு தாங்கும் என்பதை அதன் மொத்தக் கொள்ளளவைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. ஐவரும் ஒரே ஓரத்துக்கு வந்தால் கவிழாமல் நிற்குமா என்பதே கேள்வி. ஒரே நங்கூரத்தில் நிறுத்தினால் காற்றுக்கேற்ப மிதவை சுழன்றுகொண்டிருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு வேண்டும். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் விடப்பட வேண்டும் என்பது படகோட்டிகளின் நடைமுறை. 4 மீட்டர் ஆழத்துக்கு 20 முதல் 28 மீட்டர் கயிறு நீருக்கடியில் சாய்வாக ஓடும். நின்று துடுப்புப் போடும் பலகைகளின் அடியில் இருக்கும் துடுப்புச் செதில் அதில் மாட்டிக்கொள்வது வெகு இயல்பு. மாட்டியவர் நீரில் விழுவது அதைவிட இயல்பு. வெயிலுக்காக மிதவையின் மேல் விரிக்கும் துணிக்கூரை பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் தயங்க வைப்பது இடிதான். இடியோசை கேட்டால் அனைவரும் உடனே நீரை விட்டு ஏற வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்க வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படும் விதி. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி எடுப்பதால், மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி இருந்தால் அது 10 கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது என்று பொருள். கயாக்கில் இருப்பவர் தாமே கரை சேர்ந்துவிடுவார். மிதவையில் வாத்தியங்களோடு இருக்கும் ஐவரைக் கொண்டுவர ஒரு படகு இரண்டு நடையாவது போக வேண்டும். அந்தப் படகும் அதை ஓட்டுபவரும் நிகழ்ச்சி முழுவதும் வேறு எந்த வேலைக்கும் போகாமல் மிதவை ஓரமாகவே காத்திருக்க முடியாது என்றால், மிதவை யோசனையை அந்த இடத்திலேயே கைவிட்டுவிடலாம்.

மிதவையில் அமர்பவர்களுக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். இதில் கலைஞர்கள் முகம் சுளிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. தடித்த அங்கியின் தோள்பட்டை வயலினின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மார்புப் பகுதி கிட்டாரை உடலிலிருந்து தள்ளி வைக்கிறது. வாயுக் குப்பியால் ஊதிப் பெருகும் ஒல்லியான அங்கி இதற்கு வழி. ஆனால் இழுவைக் கயிற்றை இழுத்துப் பழகியவர்களுக்கே அது துணை. 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட அங்கிகள் நீந்தத் தெரிந்தவர்களுக்காக, உதவி அருகில் இருக்கும் இடங்களுக்காக வகுக்கப்பட்டவை என்பதையும், நீந்தத் தெரியாத கலைஞருக்கு 100 நியூட்டன் அங்கியாவது தர வேண்டும் என்பதையும் ஏற்பாட்டாளர் அறிந்திருக்க வேண்டும்.

1717ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னர் தேம்ஸ் ஆற்றில் உலாப் போனபோது, ஏறத்தாழ 50 இசைக்கலைஞர்கள் தனிப் படகு ஒன்றில் அமர்ந்து வாசித்தபடி உடன்வந்தது இசை வரலாற்றில் பெயர் பெற்ற நிகழ்வு. மன்னர் அந்த இசையை மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்தார். மிதவைக்காரர்கள் இதை மேற்கோள் காட்டுவதுண்டு. அன்று கடல் ஏற்றமே படகுகளை ஒரே திசையில் ஒரே வேகத்தில் மேல்நோக்கிக் கொண்டுபோயிற்று என்பதையும், ஓட்டுவதற்குத் தனி ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

படகு

கலைஞர்களைத் துடுப்பாளர்களோடு கலந்து அனுப்பும் மூன்றாவது வழி கேட்பதற்கு மிக அழகானது. நடைமுறையில் மிகத் தந்திரமானது. பாட்டுக்கும் துடுப்புக்கும் உள்ள உறவு பழையது. கனடாவின் மென்மயிர்த் தோல் வணிகக் காலத்தில் நீண்ட படகுகளை வலித்துச் சென்றவர்கள் துடுப்பின் தாளத்துக்குப் பாடிக்கொண்டே போனார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சேர்ந்து பாடியவர்கள் பெரும்பாலும் ஒரே படகில் இருந்தார்கள். தனித்தனிப் படகுகளில் பிரிந்து உட்கார்ந்தவர்கள் சேர்ந்திசைப்பது வேறு வித்தை.

ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 10 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கலைஞர்களுக்கிடையே 30 மில்லி விநாடித் தாமதம் விழும். சேர்ந்து வாசிப்பவர்கள் இயல்பாகத் தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ அவ்வளவுதான். அதைத் தாண்டினால் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, பாட்டின் நடை இழுபட்டுத் தேய்ந்துபோகும். பின்பாட்டுக்கு இதைவிடச் சிக்கல். 100 மீட்டர் நீளத்துக்குப் பரவிய கூட்டத்தின் முன்முனையில் ஒருவர் முதலடியை எடுத்துக்கொடுத்தால், கடைக்கோடிக்கு அது 0.29 விநாடி கழித்துப் போய்ச் சேரும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற துள்ளல் நடையில் ஒரு தட்டுக்கு அரை விநாடிதான். ஆகக் கடைசிப் படகில் இருப்பவர் பாதித் தட்டுக்கு மேல் பின்தங்கிப் பாடுவார். அவர் குரல் முன்முனைக்குத் திரும்பி வரும்போது இன்னும் அதே அளவு தாமதமாகியிருக்கும். மெதுவான, அடிக்கு அடி மூச்சு விடக்கூடிய பாட்டுகளைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் பெரும்பகுதி தீர்கிறது. நாட்டுப்புறப் பாட்டில் அத்தகையவை ஏராளம் என்பது நமக்கு வசதி.

இந்த வழியை நாடுவோர் எல்லாக் கலைஞர்களையும் கனூ என்னும் நீண்ட திறந்த படகு ஒன்றிலோ, குறுக்குக் கட்டைகளால் பிணைத்த இரட்டைக் கனூவிலோ ஏற்றுவதே உசிதம். பிணைத்த இரட்டைப் படகு எளிதில் கவிழாது. நடுவில் கலைஞர்கள் படகின் அடித்தட்டில் தாழ அமரலாம். முன்னும் பின்னும் துடுப்புப் போட வாசிக்காத இருவர் இருக்க வேண்டும். வாசிப்பவர்களே துடுப்பும் போட்டுக்கொள்வார்கள் என்று நம்பி அனுப்பிய ஒரு படகு, இரண்டாம் பாட்டின் சரணத்தில் தானாகவே பக்கவாட்டில் திரும்பி நாணல் புதருக்குள் போய் நின்றது. பாட்டு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதருக்குள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. கேட்பவர்கள்தான் தேடிக்கொண்டு போனார்கள்.

வாத்தியங்களில் எதை நீருக்குக் கொண்டுபோவது என்பதில் கண்டிப்பு வேண்டும். குரல் முதலிடம். அதன்பின் மௌத் ஆர்கன், பிளாஸ்டிக் குழல், செயற்கைத் தோல் போர்த்த சிறு பறைவகை, கார்பன் இழையால் செய்த கிட்டார். பாட்டன் காலத்து வயலினைப் படகில் ஏற்ற விரும்புகிறவரை அன்போடு தடுத்துவிட வேண்டும். படகு கவிழ்ந்தால் மனிதரை முதலில் எடுப்போம், வாத்தியத்தை அப்புறம் பார்ப்போம் என்று நாம் சொல்லலாம். ஆனால் அவர் மனமும் கையும் வாத்தியத்தின் பின்னால்தான் போகும். இது சும்மா சொல்வதன்று. நீர் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால், விழுந்த கணத்தில் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தை ஈர்த்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் வாத்தியத்தைத் தேடுவதற்கானவை அல்ல.

பத்துப் பன்னிரண்டு படகுகளுக்கு மிகாத, ஒருவரையொருவர் அறிந்த குழுவுக்கு இந்த மூன்றாவது வழியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். அத்தனை பேருக்குள் பாடுகிறவர், கேட்கிறவர் என்ற பிரிவே கரைந்துவிடும். நாற்பது படகுக் கூடலுக்கு இது பொருந்தாது.

ஒலிபெருக்கியும் நேரமும்

எந்த வழியை எடுத்தாலும் கூடவே வந்து நிற்கும் கேள்வி ஒலிபெருக்கி. கரையிலிருந்து பாடினால் 20 மீட்டருக்குள் நிற்கும் ஒற்றை வரிசைக்கு அது தேவையில்லை. இரண்டு மூன்று வரிசைகள் நின்றால் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி உதவும். வீட்டு மின்சாரத்தை நீரோரத்துக்கு இழுத்துவருவதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெட்டிகளே போதுமானவை. அளவுக்கு மேல் வைப்பதில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் வேளையில், மேலே செல்லும் ஒலி வளைந்து மறுபடி நீர்ப்பரப்புக்கே இறங்கும். அமைதியான நீர்ப்பரப்பு ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். ஆக, நம் கூடலின் பாட்டு எதிர்க்கரை வீடுகளுக்குள் புகுந்துவிடும். அவர்கள் அதற்குச் சீட்டு வாங்கியவர்கள் அல்லர். அதே காரணத்தால் கடைசி வரிசையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசும் ஊர்வம்பும் கலைஞர்களுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது நலம்.

நேரத்தைப் பொறுத்தவரை காலைக்கும் மாலைக்கும் இடையே பலர் மாலையையே விரும்புகிறார்கள். வருவோர் எண்ணிக்கையும் மாலையில் கூடும். ஆனால் வெயில் ஏற ஏறக் காற்று எழுவதும், பிற்பகலில் அது வலுப்பதும், இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கும் மாலைக்கும் உரியதாக இருப்பதும் துடுப்பாளர்கள் நன்கறிந்தவை. மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது அலைமுகடுகள் ஆங்காங்கே உடைந்து வெண்மை காட்டும். புதியவர்களைக் கரையில் நிறுத்திக்கொள்ள அந்த வெண்மையே போதிய அடையாளம். மாலைக் கூடல் இருட்டில் முடியும் என்றால், ஒவ்வொரு படகிலும் தேவைப்பட்ட உடனே காட்டக்கூடிய வெள்ளை ஒளி விளக்கு இருந்தாக வேண்டும். துடுப்புப் படகுகளுக்குக் கடற்போக்குவரத்து விதிகளும் குறைந்தபட்சம் இதையே கேட்கின்றன. நான் அதிகாலைக் கட்சி. தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். நீர் கண்ணாடிபோல் கிடக்கிறது. பாட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கலைஞர்கள் அந்த நேரத்தில் குரல் திறக்காது என்று முணுமுணுப்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். கயிற்றுக்குப் படகுகள் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், அதற்குள் குரல் திறந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இனி ஒரு குழு உண்மையில் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பு, அதே நேரத்தில், இரண்டு படகுகளோடும் ஒரு பாடகரோடும் ஏரிக்குப் போய்ப் பார்க்காமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம். பாடகரைக் குடைவில் நிறுத்திப் பாடச் சொல்லிவிட்டு, 10, 20, 40 மீட்டர் என்று விலகிப்போய்க் கேட்டால், சொல் எங்கே மறைகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஒரு முழுப் பாட்டு முடியும்வரை சும்மா இருந்து, படகு எந்தத் திசையில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால், காற்றைப் பற்றி வேறு எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பாட்டுக்குள் படகு பத்து மீட்டருக்குமேல் நகராத குடைவு கிடைத்துவிட்டால் கரையைத் தேர்ந்தெடுத்துக் கயிற்றைக் கட்டிவிடலாம்.

கரை முழுவதும் சதுப்பாகவோ, தனியார் நிலமாகவோ, நாணலாகவோ இருந்து இறங்க ஒரே ஒரு துறைதான் உண்டு என்றால், அப்போதுதான் மிதவையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதுவும் துணைப் படகும், அதை ஓட்டத் தெரிந்தவரும், முன்னர் மிதவையில் வாசித்த அனுபவமுள்ள கலைஞர்களும் கிடைத்தால் மட்டும். மிதவையை நடு ஏரியில் நிறுத்துவதைவிடக் கரையிலிருந்து 15 மீட்டருக்குள், காற்று மறைவில் நிறுத்துவது அந்தக் குறைகளில் பாதியைத் தீர்த்துவிடும். படம் எடுப்பவருக்குக் கொஞ்சம் மனக்குறை இருக்கும், அவரைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். மூன்றாவது வழியைத் தனியாக எடுக்க முடியாத பெரிய குழுவும் அதன் சுவையைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். துறையிலிருந்து குடைவுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு கனூ, குரல் மட்டுமே உள்ள மூன்று பேரோடு, கூட்டத்தின் நடுவே போகட்டும். மெதுவான ஒரு பாட்டை அவர்கள் எடுத்தால், முந்திப் போனவர்கள் கேட்பதற்காகத் துடுப்பைத் தளர்த்துவார்கள், பிந்தியவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். வேகத்தைக் குறையுங்கள் என்று ஊதல் ஊதிக் கத்துவதைவிட இது நன்றாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன்.

ஆள் எண்ணிக்கையில் மட்டும் எந்த வழியிலும் சலுகை கிடையாது. துறையில் ஒரு பலகை, அதில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும் எண் சீட்டுகள். இறங்கும்போது ஒவ்வொருவரும் தம் சீட்டைக் கழற்றி அங்கியில் மாட்டிக்கொண்டு போவார், ஏறும்போது திருப்பி மாட்டுவார். பாட்டு முடிந்ததும் கூட்டம் கலகலவென்று கரையேறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எண்ணிக்கை தவறும். குடைவின் மறுபக்கம் தனியாக மிதந்துகொண்டு அமைதியை ரசிக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். கலைஞர்கள் கரையில் இருந்தால் இதற்கொரு நல்ல தந்திரம் உண்டு. நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி, பலகையில் எல்லா ஆணிகளும் நிறைந்த பிறகே அதைத் தொடங்குவோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். கடைசிச் சீட்டுக்குரியவரை மற்ற முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து கூப்பிட்டுக் கரையேற்றிவிடுவார்கள்.